மெழுகில் நிற்கும் சுரம்

தஞ்சாவூர் வீணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கலைமகளிடம் தொடங்கிப் பலாமரத்தில் முடித்துவிடுகிறார்கள். தெய்வத்தின் கையில் இருப்பது, வேத காலம் தொட்டு வருவது என்பது தொடக்கம். பண்ருட்டிப் பலா, யாளி முகம், குடத்தின் மேல் இழைத்த பூவேலை என்பது முடிவு. இந்த இரண்டுக்கும் நடுவே, தண்டியின் மேல் இரண்டு கறுத்த வரப்புகளாக ஓடும் மெழுகையும் அதில் பதித்த 24 மெட்டுகளையும் யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பார்வைக்கு அவை அழகானவையும் அல்ல. கரித்தூள் கலந்த தேன்மெழுகு, அதன் மேல் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள், அவ்வளவுதான். ஆனால் தென்னிந்திய இசையின் கணக்கு முழுவதும் ஏறி உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான். ஒரு வீணை நல்ல வீணையா என்பதைத் தீர்மானிப்பதும், தலைமுறைகள் கடந்து நிற்கும் மரத்தைக் காட்டிலும், சில ஆண்டுகளில் தேய்ந்தும் தளர்ந்தும் போகிற இந்தப் பகுதிதான் என்பது என் வாதம். தொன்மையையும் மரத்தையும் போற்றுவதில் தவறில்லை. போற்ற வேண்டிய வரிசையில் அவை முதலில் வந்துவிட்டன என்பதே குறை.

தொன்மையை முதலில் பார்த்துவிடலாம். சமுத்திரகுப்தர் தம் பொற்காசில் மடியில் வைத்து மீட்டும் கருவி வில்லைப் போல வளைந்தது; அதில் மெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. சோழர் காலத்து வீணாதர தட்சிணாமூர்த்திச் செப்புத் திருமேனிகள் பலவற்றில் கருவி தொலைந்துபோய்க் கைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தக் கைகளின் நிலை, குறுக்காகச் சாய்த்துப் பிடிக்கும் மெல்லிய கோல்வீணைக்கு உரியது. மடியில் கிடத்த வேண்டிய பருத்த குடம் அங்கே பொருந்தாது. கங்கைகொண்ட சோழபுரத்து ஞான சரஸ்வதியின் கைகளில் சுவடியும் அக்கமாலையும் கமண்டலமும் இருக்கின்றன, வீணை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் அமர்த்திய இசைவாணர் பட்டியலில் வீணை வாசிப்பவரும் உண்டு என்பது உண்மை. மாணிக்கவாசகர் திருப்பள்ளியெழுச்சியில் வீணை இசைப்போரையும் யாழ் இசைப்போரையும் தனித்தனியே சொல்வதும் உண்மை. ஆகவே அந்நாளில் இங்கே வீணை இருந்தது. ஆனால் அது இன்று மடியில் வைத்து வாசிக்கும் வீணைதான் என்பதற்குச் சிற்பமும் செப்புத் திருமேனியும் சாட்சி சொல்வதில்லை. குடமும் தண்டியும் யாளியும் நிலைத்த மெட்டுகளும் ஒருசேர அமைந்த வாத்தியம் நாயக்கர் காலத்தை ஒட்டி உருவானது. நானூறு ஆண்டு வயது ஒரு கருவிக்கு இழிவல்ல. இல்லாத வயதை அதன் மேல் ஏற்றும்போது, அதை உருவாக்கியவர்களின் மூளை மறைந்துபோகிறது.

அந்த மூளை எதனோடு மல்லுக்கட்டியது என்பதைப் புரிந்துகொள்ள யாழைப் பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் உரைகள் பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று கணக்குச் சொல்கின்றன. வில்யாழ் வகையில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பண் மாறினால் நரம்பின் இழுப்பை மாற்ற வேண்டும். இரண்டு சுரங்களுக்கு நடுவே குரல் வழுக்கிச் செல்லும் இடத்தை நரம்பில் காட்டுவது கடினம். பெரியபுராணம் சொல்லும் யாழ்மூரி நிகழ்ச்சியை இந்தக் கோணத்தில் படிக்கலாம். தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாடிய பதிகம் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் கருவியில் அடங்கவில்லை, பாணர் யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார். இது அடியார் பெருமை சொல்ல வந்த கதை, ஒலியியல் ஆவணம் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு சரிதான். எனினும், ஏழாம் நூற்றாண்டு நிகழ்ச்சியைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய சேக்கிழாரின் வாசகர்களுக்கு, குரல் போகும் இடமெல்லாம் நரம்பு போகாது என்பது நம்பத்தக்க செய்தியாக இருந்தது என்பதையாவது கதை காட்டுகிறது. யாழ் பின்னர் வழக்கொழிந்தது. 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட யாழ் நூலில் விபுலானந்த அடிகள் அதைக் கணக்கிட்டு மீட்டெடுக்க முயன்றார். அந்த உழைப்பு பிரமிக்க வைப்பது. ஆனால் மீட்டெடுக்க வேண்டிய நிலைக்கு அது ஏன் போனது என்ற கேள்விக்கு, அரசியல் காரணங்களோடு கருவியின் எல்லையையும் சேர்த்தே விடை தேட வேண்டும்.

மெட்டு வைத்த வீணையிலும் சிக்கல் உடனே தீர்ந்துவிடவில்லை. 1550இல் விசயநகரத்து ராமராயர் கேட்டுக்கொண்டதன் பேரில் ராமாமாத்தியர் எழுதிய ஸ்வரமேளகலாநிதி இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கிறது. ஒன்றில் வாசிக்கப்போகும் ராகத்துக்கு வேண்டிய மெட்டுகளை மட்டும் அமைப்பது. ராகம் மாறினால் மெட்டையும் நகர்த்துவது. இன்னொன்றில் எல்லா ராகங்களுக்கும் வேண்டிய மெட்டுகளை ஒரே தடவையாகப் பதித்துவிடுவது. இரண்டும் அந்நாளில் அருகருகே வழங்கின என்பது முக்கியமான செய்தி. முதல் முறையில் வித்துவானுக்குச் சுதந்திரம் அதிகம். ஒவ்வொரு ராகத்தின் காந்தாரத்தையும் அதற்கு உரிய நுண்ணிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது முறையில் அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. ஒரே காந்தார மெட்டு எல்லா ராகங்களுக்கும் உழைக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது முறை தோற்றிருக்க வேண்டும். வடக்கே சிதாரில் மெட்டுகளைக் கயிற்றால் கட்டி நகர்த்தும் வழக்கம் இன்றுவரை நீடிக்கிறது. தெற்கே வென்றதோ நகராத மெட்டு.

அந்த வெற்றி தஞ்சாவூரில் உறுதிப்பட்டது. 1565இல் விசயநகரம் வீழ்ந்தபின் அதன் இசையும் ஏடுகளும் தஞ்சை நாயக்கர் அவையில் அடைக்கலம் கண்டன. 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் பெயரில் சங்கீத சுதா என்ற நூல் இருக்கிறது. அவர் பெயரிலேயே ரகுநாதேந்திர மேள வீணை என்ற அமைப்பும் சொல்லப்படுகிறது. இதை வைத்து, இன்றைய வீணையை ரகுநாதரே கண்டுபிடித்தார் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. சங்கீத சுதாவை எழுதியவர் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் என்று அவர் மகன் வேங்கடமகியே குறிப்பிடுகிறார். ராமாமாத்தியர் காலத்திலேயே ஒரு மேளத்துக்கு அச்சுதராயர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மெட்டு அமைப்புக்கு அரசர் பெயர் வைப்பது அவை மரியாதை. உளி பிடித்தவரும் மெழுகு உருக்கியவரும் யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. எனவே ரகுநாதர் அவையில் ஒரு நீண்ட தேடல் முடிவுக்கு வந்தது என்று சொல்லலாம். ஒருவர் ஒரு நாளில் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கில்லை.

அதன் விளைவுதான் பெரிது. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடம், இரண்டு ஸ்தாயிக்கு இருபத்துநான்கு மெட்டு என்று வீணையில் நிலைத்துவிட்ட பிறகு, வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகையை எழுதுகிறார். அந்நூலின் முதல் பகுதியே வீணையைப் பற்றியது. சுருதியும் சுரமும் மேளமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அந்த வரிசை தற்செயலானதாக எனக்குப் படவில்லை. பன்னிரண்டு இடங்களில் ஏழு சுரங்களை எத்தனை வகையில் அமைக்கலாம் என்று கணக்குப் போட்டு 72 மேளங்களை அடைந்த அவரே, தம் காலத்தில் வழங்கியவை 19தான் என்று ஒப்புக்கொள்கிறார். மிச்சம் 53 மேளங்கள் யாருடைய தொண்டையிலும் பிறக்கவில்லை; மெட்டு வரிசையைப் பார்த்துப் பிறந்தவை. நடைமுறையில் உள்ளதைத் தொகுப்பது இலக்கணம் என்றால், இது அதற்கு ஒரு படி மேலே போய், இல்லாதவற்றுக்கும் இடம் ஒதுக்கிவைத்தது. பின்னால் வந்த வாக்கேயகாரர்கள் அந்த வெற்றிடங்களில் குடியேறினார்கள். முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்தவர் என்பதும், அவர் பரம்பரை இந்த மேளக்கட்டை முழுவதுமாகக் கையாண்டது என்பதும் சேர்த்து நினைக்க வேண்டியவை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பன்னிரண்டு இடங்களில் ஆணி அடித்தாற்போல் நிறுத்திவிட்டால் ராகம் செத்துப்போகாதா? தோடி ராகத்தின் காந்தாரத்தை எந்த மெட்டில் வைப்பது? சுருதி 22 என்றும், அதை மறுத்து 24 என்றும் நடந்த சண்டைகள் சாதாரணமானவை அல்ல. 1917இல் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் அந்தச் சண்டையின் பெரும் ஏடு. மறுப்பு நியாயமானது. ஆனால் மெட்டு சுரத்தைச் சிறைப்படுத்துகிறது என்ற எண்ணம் வீணையின் அமைப்பைக் கவனிக்காததால் வருவது. மெழுகு வரப்பின் மேல் உயர்ந்து நிற்கும் மெட்டில் கம்பியை அழுத்துவதோடு விரலின் வேலை முடிவதில்லை. அதே மெட்டில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் இழுப்பு கூடி ஒலி ஏறுகிறது. தேர்ந்த கை ஒரே மெட்டில் இருந்தபடி மூன்று நான்கு சுரங்களை எட்டிவிடும். 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, விளக்கும்போது, எந்த விரல் எந்த மெட்டில் என்ன செய்ய வேண்டும் என்றே பேசுகிறது. ஒதுக்கல் என்ற கமகம் மெட்டை விட்டு நகராமல் கம்பியை ஒதுக்கி மேல்சுரத்தைப் பிடிப்பது. மெட்டு நகர்ந்த காலத்தில் விரல் செய்யத் தேவையில்லாத வேலைகள், மெட்டு நின்ற பிறகு விரலுக்கு வந்து சேர்ந்தன. இலக்கணத்துக்கு நிலையான இடம், ராகத்துக்கு இழுபடும் கம்பி என்று இரண்டையும் ஒரே தண்டியில் வைத்ததுதான் தஞ்சாவூர் வீணையின் சமரசம். அது குறையில்லாத சமரசம் என்று சொல்லமாட்டேன்; இழுத்துப் பிடிக்கத் தெரியாத கையில் வீணை வறண்டு ஒலிக்கும் என்பது உண்மைதான்.

இந்தச் சமரசம் நடைமுறையில் நிற்பது மேளம் கட்டுபவரின், அதாவது மெழுகில் மெட்டுகளைப் பதிப்பவரின், காதில். கம்பியின் நடுப்புள்ளியில் பன்னிரண்டாம் மெட்டு, முக்கால் தூரத்தில் இருபத்துநான்காம் மெட்டு என்று அளவுகோலை வைத்துக் கணக்குப் போட்டால் இடம் கிடைத்துவிடும் என்று தோன்றும். கிடைக்காது. மெட்டில் அழுத்தும்போதே கம்பி சற்று இறுகி ஒலி கூடிவிடுகிறது. எவ்வளவு கூடும் என்பது மெட்டின் உயரத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நான்கு கம்பிகளும் வெவ்வேறு தடிமன். நான்குக்கும் மெட்டு ஒன்றுதான். ஆகவே கணக்கு காட்டும் இடத்திலிருந்து ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மயிரிழை நகர்த்தி, சற்றே சாய்த்து, உயரம் பார்த்து, இளகிய மெழுகு இறுகுவதற்குள் நிறுத்த வேண்டும். ஒரு மெட்டு தேவைக்கு மேல் உயர்ந்தால் அதற்குக் கீழே உள்ள மெட்டில் அழுத்தும்போது கம்பி அதில் உரசி இரையும். தாழ்ந்தால் இழுக்கும்போது விரல் வழுக்கும். மெழுகைத் தேர்ந்தெடுத்த காரணமும் இதுதான். மரத்திலேயே வெட்டிப் பதித்தால் பிழையைத் திருத்த வழியில்லை. மெழுகு தவறை மன்னிக்கும், சூடு காட்டினால் மறுபடி இளகும். அதற்கு விலையும் உண்டு: வெயிலில் தளரும், பழையதாகும்போது நொறுங்கும், மெட்டின் மேல் கம்பி தேய்த்துத் தேய்த்துப் பள்ளம் விழும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி மேளம் கட்ட வேண்டும். மேளம் கட்டி வந்த வீணை வேறு குரலில் பேசுவதை வாசிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். பல நேரம் அதே மரம், அதே கம்பி.

குடத்தின் மேல் கம்பிகளைத் தாங்கும் குதிரையும் அப்படித்தான். அதன் தலையில் ஒட்டியிருக்கும் சற்றே வளைந்த உலோகத் தகட்டைப் பலர் அலங்காரம் என்று நினைப்பதுண்டு. 1921இல் கல்கத்தாவில் சி. வி. ராமன் வீணையையும் தம்பூராவையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளி அசையாமல் இருக்க வேண்டிய மேல்சுரங்கள் எழக்கூடாது என்பது யங் வகுத்த விதி. வீணையில் அந்தச் சுரங்கள் தாராளமாக எழுகின்றன என்று ராமன் காட்டினார். காரணம் குதிரை. வயலினின் குதிரையில் கம்பி ஒரு கூரிய விளிம்பில் முடிகிறது. வீணையில் அகன்ற வளைந்த தகட்டின் மேல் மெல்லத் தொட்டுக்கொண்டு போகிறது. அதிரும்போது தொடும் இடம் நொடிக்கு நொடி மாறுகிறது. வீணையின் ஒலி மீட்டிய பிறகும் பூத்துக்கொண்டே போவது போலத் தோன்றுவதற்கு அடிப்படை இந்தத் தகட்டின் வளைவு. வளைவு ஒரு நூலளவு மாறினால் ஓசை மங்கும், அல்லது தகரம் போல் இரையும். குடத்தின் பலாமரம் அந்த ஒலியைப் பெருக்கித் தருகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. எதைப் பெருக்க வேண்டும் என்று முதலில் முடிவாவது குதிரையின் மேல்.

மரத்தின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் இதற்கு ஏகாண்ட வீணையைக் காட்டுவார்கள். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுப்பது ஏகாண்டம். தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஒட்டில்லாத மரத்தில் அதிர்வு தடைபடாது என்பது அவர்கள் வாதம். இணைப்பு இளகிப்போய்த் தண்டி வளைந்தால் மேளம் முழுவதும் பாழாகும் என்பதால், அதில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நியாயமும் மேளத்தின் நலன் கருதியதுதான் என்பதைக் கவனிக்கலாம். பழைய மரம் என்ற மோகத்தைப் பற்றி வயலின் உலகம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. கிரெமோனா நகரில் 1737 வரை வாழ்ந்த ஸ்ட்ராடிவாரியின் கருவிகள் கோடிக்கணக்கில் விலைபோகின்றன. ஆனால் அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கழுத்து மாற்றி, உள்ளே தாங்கு கட்டை மாற்றி, புதுக் குதிரை வைத்துத் திருத்தப்பட்டவை. அவர் கையிலிருந்து வந்த ஒலியை இன்று கேட்க வழியில்லை. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கருவி அடையாளம் தெரியாதபடி கண்ணாடி அணிவித்து, பழைய இத்தாலியக் கருவிகள் மூன்றையும் புதியவை மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்பியது புதியவற்றில் ஒன்றை. ஒரே சோதனையால் முந்நூறு ஆண்டுப் புகழ் இடிந்துவிடாது என்றாலும், மரத்தின் வயதும் ஒலியின் தரமும் ஒன்றல்ல என்று சந்தேகப்பட அது போதும். தஞ்சாவூரில் இந்த மோகம் வேரூன்றாததற்கு ஒரு காரணம், பழைய வீணைகள் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரே இல்லை என்பது. அது ஆசாரிகளுக்கு நேர்ந்த அநீதி. வாத்தியத்துக்கு ஒருவகையில் நல்லதாகவும் முடிந்தது.

மெட்டுக்கு இத்தனை பெருமை என்றால், மெட்டே இல்லாத வயலின் ஏன் வீணையை மேடையிலிருந்து தள்ளியது என்று கேட்கலாம். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைக் கையில் எடுத்தார்கள். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வீணை என்ற நிலை மாறிவிட்டது. இதற்கு மழுப்பலான பதில் சொல்லக்கூடாது. குரலைப் பின்தொடர்வதில் வயலின் மேலானது, வில் நிற்கும்வரை ஒலி நிற்கும், கூட்டத்துக்கும் கேட்கும். வீணை தோற்றது உண்மை. ஆனால் அது தோற்ற இடம் சபா மேடை. சுரத்தானம் காட்டும் அளவுகோலாகவும், கமகத்தின் இலக்கணமாகவும் அதுவே நீடித்தது. வயலின்காரரின் விரல் போய் நிற்கும் பன்னிரண்டு இடங்களும் வீணை மெட்டில் முடிவானவை. வீணையின் ரசனையும் மேடைக்கு வெளியேதான் உச்சம் கண்டது. 1938இல் மறைந்த வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். சிறிய ஒலி, அதைக் கேட்க வந்தவர்களில் தேர்ந்த வித்துவான்கள் பலர். கம்பியை ஒதுக்கும்போது எழும் அந்த அரைநொடி இழைவைக் கேட்க, மூச்சுவிடும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி வந்தபின் எஸ். பாலசந்தரும் சிட்டிபாபுவும் வீணையைப் பெரிய அரங்குகளில் நிறுத்தினார்கள். கருவியின் ஒலி மாறிவிட்டது என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொன்னதில் பாதி சரி. குதிரைக்கு அருகே ஒட்டிய ஒலிவாங்கி மீட்டலைப் பெரிதாக்கும் அளவுக்கு இழைவைப் பெரிதாக்குவதில்லை. ஆனால் இழுத்த கம்பியின் நீண்ட ஓட்டத்தைக் கடைசி வரிசைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது அதே ஒலிவாங்கிதான் என்பதால், மீதிப் பாதியில் நான் பாலசந்தர் பக்கம்.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுக்கு மேலாகிறது. ஊரையும் மரத்தையும் செய்முறையையும் காக்க அது உதவும். யானைத் தந்தம் போன இடத்தில் பிளாஸ்டிக் வந்ததையும், சுரைக்குடுக்கை போன இடத்தில் காகிதக் கூழும் ஃபைபரும் வந்ததையும் பற்றிப் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்; இரண்டாலும் இசைக்குப் பெரிய நட்டம் வந்ததாகத் தெரியவில்லை. நட்டம் வரக்கூடிய இடம் வேறு. மின்னணுச் சுருதிமானியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மெட்டையும் திறந்த கம்பியின் கணக்குக்குச் சரியாக நிறுத்திவிட்டு, அழுத்தும்போதும் இழுக்கும்போதும் என்ன ஆகும் என்று பார்க்காமல் விட்டுவிடும் அவசர மேளங்கள் கடைகளில் வருகின்றன. மெழுகுக்குப் பதில் திருகாணி வைத்த மெட்டு வந்தால் பராமரிப்பு எளிதாகும் என்ற யோசனையும் நடமாடுகிறது. மயிரிழை சாய்வையும் உயரத்தையும் அது அனுமதிக்குமானால் அதை வரவேற்க எனக்குத் தடையில்லை, ராமாமாத்தியரின் நகரும் மெட்டையே தூக்கிப்போட்ட மரபு இது. இன்று வீணை வாங்கப்போகிறவர் ஏகாண்டமா ஒட்டா, யாளியின் கண்ணுக்கு என்ன கல் என்று விசாரிப்பதற்கு முன், இதற்கு மேளம் கட்டியது யார், எப்போது கட்டியது என்று கேட்கட்டும். பிறகு சாரணியில் இரண்டாம் மெட்டிலிருந்து இருபத்துநான்கு வரை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொன்றிலும் கம்பியை இழுத்துப் பார்க்கட்டும். அதற்குக் கடைக்காரர் பொறுமை இழந்தால் வேறு கடைக்குப் போகலாம்.